பெட்டிக்குள் கடுவா

கிருஷ்ணன்குட்டியின் பல் ஒன்று ஆபீஸ் படிக்கட்டில் தெறித்து விழுந்ததை சிஜி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அடித்தவன் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன் சஜன். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்று சொல்வார்கள். அன்றைக்குக் கரிப்பொற்றையில் அண்ணனே அடியாக வந்திருந்தான்.

அவனுக்குப் பின்னால் ஊரே நின்றது. கரிப்பொற்றைக்காரர்கள் நல்லவர்கள்தான். கல்யாண வீட்டில் பந்தல் போடவும் சாவு வீட்டில் குழி வெட்டவும் கூப்பிடாமலே வருவார்கள். ஒருவன் விழுந்துவிட்டால் மிதிக்கவும் அப்படியே கூப்பிடாமல் வருவார்கள். வன கார்டு கிருஷ்ணன்குட்டி காக்கிச் சட்டை கிழிந்து மண்ணில் கிடந்தார். செய்யாத குற்றத்துக்கு மிதி வாங்கிக்கொண்டிருந்தார். குற்றம் யாருடையது என்று அந்த முற்றத்தில் ஓர் ஆளுக்கு நன்றாகத் தெரியும். அவள் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் கம்ப்யூட்டர் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நெய்யாற்றின்கரை தாலுகாவின் கிழக்கு ஓரத்தில், தமிழ்நாட்டு எல்லைக்கல்லைத் தொட்டுக்கொண்டு கிடக்கிற ஊர் அது. மேலே காடு, கீழே ரப்பர், அதற்கும் கீழே மரச்சீனி என்கிற மரவள்ளி. வீட்டில் தமிழ், பஸ்ஸில் மலையாளம், சண்டை என்று வந்தால் இரண்டும். அங்கே தொண்ணூற்றேழில் வனத்துறையின் கிளை ஆபீஸுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. கொண்டுவந்தவர் திருவனந்தபுரத்து ஆராய்ச்சித் திட்டத்தைச் சேர்ந்த அஜேஷ் சார். அதை இயக்க ஆள் வேண்டும் என்றதும், உதியன்குளங்கரையில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த சிஜிக்கு யோகம் அடித்தது.

பெட்டிக்குள் இருந்தது விளையாட்டு மாதிரி ஒரு வித்தை. திரையில் ஊரின் படம் கட்டம் கட்டமாக வரும். பச்சை காடு, மஞ்சள் ரப்பர், பழுப்பு மரச்சீனி, கறுப்பு வீடுகள். எந்தக் கட்டத்தையும் மாற்றலாம். ரப்பரை வெட்டிப் பார்க்கலாம், காட்டை வளர்த்துப் பார்க்கலாம். ஒரு மிருகத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்து உள்ளே விட்டு ஒரு பொத்தானை அழுத்தினால் வாரங்கள் கடகடவென்று ஓடும். அது எங்கே தங்கும், என்ன தின்னும், எந்த வழியாகப் போகும் என்று பெட்டியே கணக்குப் போட்டு சிவப்பில் காட்டும். மரத்தில் கோடாலி படாமலே காட்டை அழித்துப் பார்த்துவிடலாம். "இது ஜோசியம் இல்ல, நாம உள்ள போடுறதுதான் வெளிய வரும்" என்று அஜேஷ் சார் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். சிஜி தலையை ஆட்டினாள். அந்த வாக்கியத்தின் கனம் அவளுக்கு அப்போது தெரியவில்லை.

உள்ளே போடுவதற்குச் செய்தி கொண்டுவருகிறவர் கிருஷ்ணன்குட்டி. காட்டாக்கடைப் பக்கத்து மலையாளி, பெண்டாட்டியை இழந்தவர், காட்டைச் சுற்றிவிட்டு வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று சொல்லுவார். "மோளே, பன்னி. ஏழெண்ணம் உண்டு" என்பார். அவள் தட்டுவாள். அந்த மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒருநாள் குரலைத் தாழ்த்தினார்.

"மோளே, புலியாக்கும். பாறக்கெட்டுக்க பக்கத்துல கால்ப்பாடு கண்டேன்."

"ஒண்ணா சேட்டா, ரெண்டா?"

"ஒண்ணு."

சிஜி மிருகங்களின் பட்டியலைத் திறந்தாள். பட்டியல் முழுக்க இங்கிலீஷ். புலியைத் தேடி, அழுத்தி, காட்டுக்குள் விட்டாள். திரையில் T என்று ஒரு சிவப்பு எழுத்து எழும்பியது. கிருஷ்ணன்குட்டி கம்பி வழியாக எட்டிப் பார்த்தார்.

"அது எந்தா மோளே?"

"புலிதான் சேட்டா."

அவர் திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

புலி வேதமணியின் நாயைத் தூக்கியது. பிறகு இரண்டு ஆடுகளைத் தூக்கியது. ரப்பர் வெட்டுகிறவர்கள் கத்தியைக் கூரை இறப்பில் செருகிவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். ரப்பர் பால் வெட்டாவிட்டால் அடுப்பு எரியாத ஊர். ஊர் எரிச்சல் எல்லாம் வனத்துறையின் பக்கம் திரும்பியது. அப்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்த கையோடு, சபை மண்டபத்தில் பெட்டியைக் கொண்டுபோய் வைத்து எல்லாருக்கும் காட்டுவது என்று ஏற்பாடானது.

அன்று சிஜிதான் ராணி. பொன்னையன் எழுந்து, "எனக்க ரப்பர வெட்டிட்டு வாழக்கண்ணு வச்சா பன்னி வருமா பிள்ளே?" என்று கேட்டார். அவள் அவருடைய கட்டத்தை மாற்றி ஓட்டினாள். பன்றி குடும்பத்தோடு வந்து இறங்கியது. மண்டபம் சிரித்தது. பிறகு சிரிப்பு அடங்கி, எல்லாரும் கேட்க வந்ததைக் கேட்டார்கள். புலி இப்பம் எங்க?

அவள் பொத்தானை அழுத்தினாள். சிவப்பு வீடுகளை விட்டு விலகியது. ஓடை வழியாக மேலேறியது, காட்டுக்குள் போய்ப் பச்சையில் பரவியது.

"புலி மல ஏறியாச்சு" என்றாள் சிஜி.

கை தட்டினார்கள். அவளுடைய அம்மா ஞானபாய் சாட்சி சொல்ல எழுந்திருப்பது போலவே எழுந்தாள். "ஸ்தோத்திரம்! எனக்க மோளு சொல்லியாச்சு, மிருகம் மல ஏறியாச்சு. நாளைக்கு முதல்ல தோட்டத்துல கால் வைக்கியது நானாக்கும்!" சொன்னதைச் செய்கிறவள் அவள். கிருஷ்ணன்குட்டியும் படத்தை நம்பினார். புலியைப் பிடிக்க வனத்துறை கொடுத்திருந்த கூண்டை ஓடைக்கு மேலே மலைப்பாதையில் தூக்கிவைத்தார். வீடு வீடாகப் போய், பயமில்லை, வேலைக்குப் போகலாம் என்று சொன்னதும் அவர்தான். அதனால் ஊரின் நினைவில் அந்தச் சொல் அவர் வாயில் ஒட்டிக்கொண்டது.

திங்கட்கிழமை வெயில் ஏறுமுன் ஞானபாய் ஒட்டுப்பால் பறிக்கப் போனாள். பால் வெட்டின மரத்தில் கசிந்து காய்ந்து ஒட்டிக்கிடக்கிற ரப்பர் அது. இத்தனை நாள் யாரும் பறிக்காததால் தோட்டம் முழுக்கச் சேர்ந்திருந்தது. அவள் சாக்கும் கையுமாக, பாட்டும் வாயுமாகப் போனாள். தோட்டத்து நடுவில் ஒரு பழைய அயனி மரம் உண்டு. அதன் கீழே குனிந்தபோது மேலேயிருந்து அது சாடியது.

பக்கத்து வரிசையில் கத்தி தீட்டிக்கொண்டிருந்த வேதமணி அலறலைக் கேட்டு ஓடினார். ஞானபாய் குப்புறக் கிடந்தாள். அது அவள் முதுகில் ஏறி நின்று தலையைக் கவ்வி இழுத்துக்கொண்டிருந்தது. முடியும் தோலும் ஒன்றாகக் கழன்று வந்தன. அவள் ஒரு கையால் கழுத்தை மூடிக்கொண்டு மறுகையால் மண்ணைப் பிறாண்டினாள். வேதமணி வெட்டுக்கத்தியை அதன் விலாவில் செருகினார். அது திரும்பி அவர் தோளை ஒரு அடி அடித்துவிட்டு, சருகில் சத்தமே இல்லாமல் வீடுகள் இருக்கிற பக்கம் இறங்கிப் போனது. ஞானபாயைப் புரட்டிப் போட்டபோது ஒரு கண் இருந்த இடத்தில் கண் இல்லை.

ரோட்டில் மரச்சீனி ஏற்றிப்போன டெம்போவை மறித்து, மூட்டைகளின் மேல் அவளைக் கிடத்தி, அடுத்த வீட்டு செல்லபாயைத் துணைக்கு ஏற்றி நெய்யாற்றின்கரைக்கு அனுப்பினார்கள். வேதமணி தோளில் ரத்தம் வழிய ஆபீஸுக்கு ஓடி வந்தார்.

"சிஜி பிள்ளே, ஒனக்க அம்மைய புலி பிடிச்சிட்டு! உயிரு உண்டு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயாச்சு."

சிஜி எழுந்தாள். பையை எடுத்தாள், செருப்பைத் தேடினாள், ஒரு செருப்புதான் அகப்பட்டது. வேதமணி படியில் சரிந்து உட்கார்ந்து, கூடிவந்தவர்களிடம் மூச்சிரைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மரத்துல இருந்தாக்கும் சாடிச்சு. அயனி மூட்டுல. புள்ளி புள்ளியா, இந்தா, இந்த நீளம்."

மரத்திலிருந்து. புள்ளி. சிஜியின் கையிலிருந்த செருப்பு கீழே விழுந்தது. அவள் திரும்பித் திரையைப் பார்த்தாள். T என்ற எழுத்து மலை உச்சியில் சிவப்பாக நின்றது.

மலையாளத்தில் புலி என்றால் புள்ளி போட்டது, புத்தகத் தமிழில் சிறுத்தை என்கிறோமே அது. வரி போட்ட பெரியதற்குக் கடுவா என்று பெயர். கரிப்பொற்றைத் தமிழும் இந்த விஷயத்தில் மலையாளத்தோடுதான் நிற்கும். சிஜியும் வீட்டில் அப்படித்தான் பேசுவாள். ஆனால் அவள் படித்தது தமிழ்ப் பள்ளிக்கூடம். டைகர் என்றால் புலி, லெப்பர்ட் என்றால் சிறுத்தை என்று பிரம்புக்குப் பயந்து மனப்பாடம் செய்தவள். இங்கிலீஷ் பட்டியலைக் கண்டதும் வீட்டுப் பேச்சு ஒதுங்கிக்கொண்டது, பிரம்பு போய் டைகரைத் தொட்டது. சபை மண்டபத்தில் அவளும் புலி என்றாள், ஊரும் புலி என்றது. ஒரே சொல் இரண்டு மிருகங்களை மூடிவைத்திருந்தது, யாருக்கும் தெரியவில்லை.

கூண்டைப் பார்த்துவிட்டு மலைப்பாதையில் இறங்கி வந்த கிருஷ்ணன்குட்டிக்கு எதுவும் தெரியாது. "எந்தா கூட்டம்?" என்று கேட்டுக்கொண்டே முற்றத்தில் கால் வைத்தார். அதே நேரத்தில் பாறைமடையிலிருந்து செய்தி கேட்டு ஓடிவந்த சஜன், கல் பெயர்க்கிற கம்பிப்பாரையோடு வந்து சேர்ந்தான். பாரையைப் படியில் சாய்த்து வைத்துவிட்டு வெறுங்கையால் தொடங்கினான்.

"மல ஏறியாச்சுன்னு வீடு வீடா வந்து சொன்னது நீதானலே? எனக்க அம்மைக்க கண்ணு எங்கலே? சொல்லுலே!"

முதல் அடியில் பல் போனது. அடுத்த அடியில் அவர் விழுந்தார். விழுந்ததும் ஊர் உள்ளே நுழைந்தது. கிருஷ்ணன்குட்டி கள்ளமரம் வெட்டுகிறவர்களிடம் காசு வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே புலியை மறைத்தார் என்று ஒருவன் கத்தினான். நேற்று கை தட்டிய கைகள்தான். பொன்னையன், அந்த வயதில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து விலாவில் மிதித்தார்.

"புள்ளிப் புலி வீட்டு முற்றத்துல நிக்குது, இவன் மலையில கூண்டு வைக்கியான்!" என்று வேதமணி படியிலிருந்து கத்தினார்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் மண்ணில் கிடந்த கிருஷ்ணன்குட்டி தலையைத் தூக்கினார். கண்கள் ஜன்னலுக்கு வந்தன. அந்த T என்னவென்று தான் கேட்டதும் அவள் சொன்ன பதிலும் நினைவு வந்து, அது டைகருடைய எழுத்து என்று அவருக்குப் பிடிபட்டதை சிஜி பார்த்தாள். அவர் வாயைத் திறந்தால் போதும். அவர் வாயில் ரத்தம் இருந்தது, சொல் இல்லை. தலையைத் திரும்ப மண்ணில் போட்டுக் கையால் மூடிக்கொண்டார்.

சிஜி அப்போது ஓடியிருக்க வேண்டும். அவள் மேசைக்குத் திரும்பினாள். இரண்டு மிருகங்களுக்கும் ஒரே வழிதான் என்று பெட்டி காட்டிவிட்டால்? சிறுத்தையைப் போட்டாலும் மலை ஏறியிருக்கும் என்றால், அம்மாவின் கண் தன் கணக்கில் சேராது. அப்படி ஒரு பிச்சைக்கார ஆசை. T-ஐ அழித்தாள். L போட்டாள். வெளியே சதையில் மிதி விழும் சத்தம் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. பொத்தானை அழுத்தினாள்.

சிவப்பு மலை ஏறவில்லை. ஏற நினைக்கவுமில்லை. நாய்களும் ஆடுகளும் இருக்கிற கறுப்புக் கட்டங்களின் ஓரத்திலேயே சுற்றிச் சுற்றி வந்து, ஒரு மஞ்சள் கட்டத்தில் போய் நின்றுகொண்டது. அந்தக் கட்டம் எது என்று அவளுக்குப் படம் பார்த்துத் தெரியவேண்டியதில்லை. கல்ஃபுக்குப் போன ராபின்சனின் தோட்டம். உள்ளே ரப்பர் ஷீட் காயவைக்கிற புகைப்புரை ஒன்று பூட்டிக் கிடக்கிறது, பின்சுவர் இடிந்திருக்கிறது. அவள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்.

அவள் வெளியே வந்தபோது சஜன் பாரையை எடுத்திருந்தான். இரண்டு பேர் கிருஷ்ணன்குட்டியின் காலை இழுத்துப் பிடித்திருந்தார்கள். பாரை மேலே போயிருந்தது.

"அண்ணே, கார்டு செய்யல்ல. நானாக்கும்!"

"உள்ள போ பிள்ளே."

"அவரு புலின்னுதான் சொன்னாரு. நான் பெட்டிக்குள்ள கடுவாவப் போட்டேன். கடுவா மல ஏறும், புலி ஏறாது. நான் போட்டது கடுவா, வெளிய நின்னது புலி. எனக்க தெத்தாக்கும் அண்ணே. அம்மைய நானாக்கும் அனுப்பினேன்."

முற்றத்தில் பாதிப் பேருக்கு ஒன்றும் விளங்கவில்லை. சஜனுக்கு விளங்கியது. பாரை மெதுவாக இறங்கியது. கையை ஓங்கி அவள் கன்னத்தில் விட்ட அறையில் அவள் சுவரில் போய் மோதினாள். வாய்க்குள் உப்புக் கரித்தது. அந்த அடி அவளுக்கு ஒருவிதத்தில் நிம்மதியாகவே இருந்தது. ஆனால் கூட்டத்துக்கு அது போதவில்லை. காலைப் பிடித்திருந்தவர்கள் விடவில்லை. "பெண்ணு அவன காப்பாத்தப் பாக்குதா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கொல்ல வந்தவர்களுக்குக் கொல்ல ஒன்று வேண்டியிருந்தது. சிஜி அதைக் கொடுத்தாள்.

"புலி ராபின்சனுக்க புகைப்புரையில கெடக்கு."

முற்றம் காலியானது. கிருஷ்ணன்குட்டி ஒருக்களித்துப் படுத்து இருமினார். அவர் கேட்டது ஒன்றுதான்.

"அதையும் காட்டிக் கொடுத்தியா மோளே?"

ஓர் உயிரை விற்று ஓர் உயிரை வாங்கியாயிற்று.

புகைப்புரைக் கதவை சஜன்தான் பாரையால் நெம்பினான். கதவு சாய்ந்ததும் உள்ளிருட்டிலிருந்து அது அவன் மார்பில் வந்து விழுந்தது. வேதமணியின் கத்தி கிழித்த விலாவில் ஈ மொய்த்திருந்தது. அவன் முகத்துக்குக் குறுக்கே கையைக் கொடுத்தான். அது கையைக் கவ்வியது. விரல் எலும்பு நொறுங்குகிற சத்தம் வெளியே நின்றவர்களுக்குக் கேட்டது. பிறகு மண்வெட்டி, விறகுக்கட்டை, கருங்கல் என்று எல்லாம் ஒன்றாக இறங்கின. அது ஒரு தடவை சீறியது, ஒரு தடவை பூனைபோல் அழுதது. செத்த பிறகும் அடி நிற்கவில்லை. புள்ளி எது, ரத்தம் எது என்று தெரியாத அளவுக்கு அடித்தார்கள். கடைசிவரை அடித்தவன் சஜன். இடது கையில் இரண்டு விரல் தொங்கிக்கொண்டிருக்க, வலது கையால் பாரையைத் தூக்கித் தூக்கிப் போட்டான். பொன்னையன் இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்தபோதுதான் நிறுத்தினான். நிறுத்தியதும் உட்கார்ந்து அம்மா என்று அழுதான்.

ஒரே ஜீப்பில்தான் சஜனையும் கிருஷ்ணன்குட்டியையும் ஏற்றினார்கள். சிஜி நடுவில் உட்கார்ந்தாள்.

ஞானபாய் பெண்கள் வார்டில் தலை முழுக்கக் கட்டோடு கிடந்தாள். ஒரு கண்ணும் வாயும்தான் வெளியே தெரிந்தன. உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். செல்லபாய் அதற்குள் ஊர்ச் செய்தி எல்லாம் எப்படியோ கேட்டு வந்து, தெரிந்த மட்டும் அவளிடம் சொல்லியிருந்தாள். சிஜி பக்கத்தில் உட்கார்ந்ததும் ஞானபாய் அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். சஜன் கட்டுப்போட்ட கையைத் தாங்கிக்கொண்டு கால்மாட்டில் நின்றான்.

"அடிச்சுக் கொன்னாச்சாமே மக்கா?"

"ஆமாம்மே."

"எங்க கெடந்துதுன்னு ஒனக்க பெட்டிதான் காட்டிக் குடுத்துதாமே?" கட்டுக்குள்ளிருந்து அவள் சிரிக்கப் பார்த்தாள். "நான் அப்பமே சொன்னேன்லா, எனக்க மோளுக்க பெட்டி பொய் சொல்லாதுன்னு. அந்தக் கார்டுதான் எங்கயோ தெத்திச்சிருக்கு. அவன இன்னும் ரெண்டு கூட்டிக் குடுத்திருக்கணும்."

அடுத்த வார்டில் அந்தக் கார்டுக்குத் தாடையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். சஜன் தங்கச்சியைப் பார்த்தான். வேண்டுமானால் இதை இப்படியே விட்டுவிடலாம் என்று அந்தப் பார்வையில் இருந்தது. கண் போனாலும் அம்மாவுக்கு மகளைப் பற்றிய பெருமையாவது மிஞ்சும்.

"அம்மே" என்றாள் சிஜி. "புலின்னா என்னது?"

"இது என்ன கேள்வி பிள்ளே? புள்ளி உள்ளது புலி. வரி உள்ளது கடுவா. மொல குடிக்கிய பிள்ளைக்கும் தெரியுமே."

"எனக்குத் தெரியாமப் போச்சும்மே. அவரு சரியாத்தான் சொன்னாரு. நான் கடுவான்னு போட்டுட்டேன்."

ஞானபாயின் ஒற்றைக் கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. நர்ஸ் ஊசி போட வந்தாள், போட்டுவிட்டுப் போனாள். ஞானபாயின் கை அப்போதும் சிஜியின் கைக்குள்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அதை உருவிக்கொண்டாள்.